மறியற்சாலைக்குப் போகும் புத்தகங்கள்

தந்தையும் மகளும், தாயும் மகனும் ஒரே மேசையிற் சரிநிகராக நின்று செய்யத்தக்க பொதுத்தொண்டுகள் மிகச் சிலவே. கோயிலில் அன்னதானம் நடைபெறுகின்றது. தந்தையார் பரிமாறுகின்றார், பிள்ளை இலையை எடுத்துக் கொடுக்கின்றது. சிரமதானத்திலே பெரியவர்கள் மண்வெட்டி பிடிக்கின்றனர். சிறுவர்கள் தண்ணீர்ச் செம்புடன் ஓடித் திரிகின்றனர். தொண்டு பெரியோருடையது, பிள்ளை அதற்கு எடுபிடி என்பதே நாம் எங்கும் காணும் முறை.

இம்முறைக்கு மாறான தொண்டு ஒன்றைப் பற்றிச் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. தபாலில் அன்று, இக்கால வழக்கப்படி மின்னஞ்சலில். எழுதியவர் நம்மிடம் உயர்தர வகுப்பிலே படித்தவர்; இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே பொறியியலாளராக இருப்பவர். மாதத்தில் ஒருநாள் மாலை, தம்முடைய பன்னிரண்டு வயது மகளை அழைத்துக்கொண்டு, சிறையிலிருப்போர்க்குப் புத்தகம் கட்டி அனுப்பும் ஓரிடத்துக்குச் சென்று வருகின்றாராம். அக்கடிதத்தை நாம் இரண்டு முறை வாசித்தோம். வாசகர்களுக்கும் மாணவ நேயர்களுக்கும் அதிலிருந்து சொல்லத்தக்கவை பல உள.

இத்தொண்டு அந்நாட்டுக்குப் புதியதன்று. பொஸ்ரன் நகரத்தின் அயலிலே 1972 ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சங்கம், பல்லாண்டு காலமாகக் குயின்சி என்னும் ஊரிலுள்ள பழைய தேவாலயம் ஒன்றின் நிலவறையில் இருந்து இயங்கி வந்தது. அமெரிக்கச் சரித்திரம் படிக்கும் மாணவர்கள் அத்தேவாலயத்தை அறிந்திருக்கக்கூடும். அந்நாட்டின் இரண்டாம் சனாதிபதி யோன் அடம்ஸும், ஆறாம் சனாதிபதியாகிய அவர் மகன் யோன் குயின்சி அடம்ஸும் அடக்கஞ் செய்யப்பட்டிருப்பது அங்கேதான். தந்தையும் மகனுமாகிய இரு சனாதிபதிகள் உறங்கும் கட்டடத்தின் கீழே, கைதிகளின் கடிதங்களைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தனர் ஊரவர். மேற்குக் கரையிலே சியாற்றில் நகரத்தில் இதையொத்த சங்கம் ஒன்று 1970களின் தொடக்கத்தில் ஒரு புத்தகக் கடையின் ஆதரவிலே தோன்றியது. பிலடெல்பியாவில் 1990 ஆம் ஆண்டளவில் எழுந்த சங்கமோ, ஒரு பதிப்பகத்துக்குச் சிறையிலிருந்து வந்த ஒரேயொரு கடிதத்தில் முளைத்தது.

அந்நாட்டுச் சிறைகளில் நூல்நிலையம் இல்லையோ என்று வாசகர் வினவலாம். உண்டு. ஆயின், ஏறக்குறைய 19 இலட்சம் மக்கள் அடைபட்டிருக்கும் நாட்டிலே, நூல்நிலையம் உண்டு என்பதும் கைதியின் கையிலே புத்தகம் உண்டு என்பதும் ஒன்றல்ல. தனியறையில் இருப்பவன் நூல்நிலையத்துக்கு நடந்து போக முடியாது. விலைகொடுத்து வாங்கலாம் என்றால், சிறைக்குள்ளே செய்யும் வேலைக்குக் கூலி மணிக்குச் சில சதமே. சில மாநிலங்களிற் பெரும்பாலான வேலைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே கடிதம் எழுதுகின்றார்கள்.

வேலை நடைபெறும் முறையை நம் மாணவர் விரிவாகவே எழுதியிருக்கின்றார். ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கும். வந்தவர் ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்க வேண்டும். கடிதம் எந்தச் சிறையிலிருந்து வந்தது என்று பார்த்து, அச்சிறைக்குரிய விதிகளை ஒரு பட்டியலில் தேட வேண்டும். ஓரிடத்தில் மூன்று புத்தகத்துக்கு மேல் ஆகாது. வேறோரிடத்திற் பழைய புத்தகமே ஆகாது. கம்பிச்சுருளாற் கட்டியவை பல இடங்களில் ஆகா. கடின அட்டைப் புத்தகங்கள் பெரும்பாலும் விலக்கு. இதற்கொரு காரணம் உண்டு. அட்டையின் உள்ளே பொருளை ஒளித்து அனுப்பலாம் என்ற அச்சத்தால் ஏற்பட்ட விதியை, அந்நாட்டு உயர் நீதிமன்றமே 1979 இல் ஏற்றுக்கொண்டது. கடின அட்டைப் புத்தகமாயின் பதிப்பகத்தார் அல்லது புத்தகக் கடைக்காரர் நேரே அனுப்பியதாய் இருக்க வேண்டும் என்பது அவ்விதி.

விதி தெரிந்தபின் அலுமாரிகளிடையே தேடல். கிடைத்த புத்தகத்திலே யாரேனும் கோடிட்டிருக்கின்றார்களா, ஏதேனும் எழுதியிருக்கின்றார்களா என்று ஏடு ஏடாய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கிறுக்கலுக்காகவே பொதி திரும்பி வந்துவிடும். பின்னர் இரண்டு வரி எழுதிவைத்து, கடைச் சாமான் வரும் தவிட்டுநிறக் கடதாசிப் பைகளைக் கிழித்து அவற்றாலே சுற்றி, நிறுத்து, விலாசம் ஒட்டித் தபாலுக்கு அடுக்க வேண்டும். புத்தகத்துக்கென அந்நாட்டுத் தபாற் பகுதியிலே தனியான குறைந்த கட்டணம் உண்டு. சனாதிபதி ரூஸ்வெல்ற் 1938 ஆம் ஆண்டு இறாத்தல் ஒன்றுக்கு ஒன்றரைச் சதம் என்று வகுத்ததன் வழிவந்தது அது. அச்சலுகை இல்லாதிருப்பின் இச்சங்கங்கள் எப்பொழுதோ மூடப்பட்டிருக்கும் என்பது நம் துணிபு.

இவ்வேலையிலே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுத் தந்தைக்கும் வேறுபாடு அதிகமில்லை என்பதைக் கவனிக்க. அலுமாரியின் அடித்தட்டைப் பார்க்கப் பிள்ளையே வசதியானவள். ஒரு விடயத்தில் மட்டும் தந்தை கட்டுப்பாடு வைத்திருக்கின்றார்: கடிதத்தை முதலில் தாமே வாசித்து, எந்தப் புத்தகம் வேண்டும் என்ற பகுதியை மட்டும் மகளுக்குக் காட்டுவார். தன் பெயரைச் சொல்லாது, தந்தையின் பெயரில் மட்டுமே வேலை செய்கின்றாள் மகள். இது விவேகமான ஏற்பாடு.

மிகுதியாகக் கேட்கப்படும் புத்தகம் எது என்று நம் வகுப்பில் மாணவர்களைக் கேட்டுப் பார்த்தோம். துப்பறியும் நாவல் என்றான் ஒருவன். சட்டப் புத்தகம் என்றான் இன்னொருவன். வேதாகமம் என்றது ஒரு குரல். எல்லாச் சங்கங்களும் ஒருமுகமாகச் சொல்லும் விடை வேறு: அகராதி. மரவேலை, மின்சார வேலை, சித்திரம், ஸ்பானிய மொழி, கறுப்பின மக்களின் சரித்திரம், பாடசாலைப் பரீட்சைக்குரிய பயிற்சிநூல், மாயாவித்தைக் கதைகள் எல்லாம் பின்னாலே வருகின்றன. அகராதியே முதலாவது.

இதை மகள் முதலில் நம்பவில்லையாம். கதையை விட்டுவிட்டு அகராதியை யாராவது கேட்பார்களா என்றாளாம். தந்தை அவளுக்கு மல்கம் எக்ஸின் வரலாற்றைச் சொன்னார். அவர்கள் வசிக்கும் அதே மாநிலத்திலே, நோர்போக் என்னும் சிறையிலே, 1948 ஆம் ஆண்டு கொண்டுவந்து அடைக்கப்பட்ட இளைஞன் அவன். கடிதம் எழுத முயன்று, நினைத்ததைச் சொல்லச் சொற்கள் இல்லாது தவித்தான். ஓர் அகராதியைக் கேட்டு வாங்கி, முதலாம் பக்கத்தை நிறுத்தற்குறியும் விடாது கையாலே பெயர்த்தெழுதினான். அந்த ஒரு பக்கத்துக்கே ஒரு முழு நாள் சென்றது. அப்படியே பக்கம் பக்கமாக மேலும் எழுதினான். 1952 இல் வெளியே வந்தபொழுது, ஆயிரவர் கூடிய சபையைக் கட்டிப்போடும் பேச்சாளனாவதற்குரிய சொற்செல்வம் அவனிடம் இருந்தது. நம் மாணவர்களுக்கு அகராதி என்பது பரீட்சைக்கு முந்திய இரவிலே தேடும் பொருள். சொல் இல்லாமையை வறுமையாக உணர்ந்தவனுக்கே அது உணவாகின்றது.

இனி, கடிதத்தின் கடினமான பகுதிக்கு வருகின்றோம்.

நம் மாணவரின் தாயார் அவர்களுடனேயே இருக்கின்றார். யாழ்ப்பாணத்திலே வாழ்ந்து முதுமை எய்தியபின் மகனிடம் சென்றவர். முதல் முறை பேத்தியை அழைத்துச் சென்ற அன்று அம்மையார், “களவெடுத்தவனுக்கும் கொலை செய்தவனுக்கும் புத்தகமோ, தம்பி? பிள்ளையை ஏன் அதுக்குள்ளை இழுக்கிறாய்?” என்று கேட்டார். மகன் விடை சொல்லவில்லை. தம்முடைய தாயாரின் தம்பி ஒருவர் எண்பதுகளிலே ஒன்றரை ஆண்டுகாலம் விசாரணையின்றித் தடுப்பில் இருந்தவர் என்பதும், தாயார் இரண்டு புத்தகமும் ஒரு பற்பசையும் கொண்டு பேருந்தில் நெடுந்தூரம் சென்றதும், பற்பசை உள்ளே போகப் புத்தகங்கள் திரும்பி வந்ததும் வீட்டிலே எல்லோரும் அறிந்தவை. 1979 ஆம் ஆண்டிலே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததன்பின் நம் ஊர்களிலே இத்தகைய பிரயாணம் செய்த தாய்மாரும் தமக்கைமாரும் எத்தனை பேர் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. ஆயினும் அம்மையார் அதை இதனோடு சேர்க்க உடன்பட்டாரில்லை. தம்பி குற்றம் செய்யாதவன், இவர்கள் செய்தவர்கள் என்பது அவருடைய வாதம். அவ்வாதத்திலே நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம்.

அதே கேள்வியை மகளும் வேறு விதமாகக் கேட்டாள். கடிதம் எழுதியவர் என்ன செய்தார் என்று அறிய விரும்பினாள். குற்றம் யாது என்று சங்கத்தார் கேட்பதில்லை. கைதிகளும் பெரும்பாலும் எழுதுவதில்லை. தந்தை, “எனக்குத் தெரியாது. நீதிமன்றம் இத்தனை ஆண்டு உள்ளே இரு என்று சொன்னது. வாசியாது இரு என்று சொல்லவில்லை” என்றார். நாமும் இவ்விடையையே சொல்லியிருப்போம். ஆனால் பிள்ளை அவ்வளவில் விடவில்லை. சிறிது நேரம் கழித்து, “அவர் யாருக்குக் கெடுதி செய்தாரோ அவருக்கு யார் புத்தகம் அனுப்புகின்றார்கள்?” என்று கேட்டாளாம்.

தந்தை நிறுத்திவிட்டார். கையிலிருந்த பொதியை ஒட்டாமலே சிறிது நேரம் நின்றதாக எழுதியிருக்கின்றார். “ஒருவரும் இல்லை, பிள்ளை” என்பதே அவர் பின்னர் சொன்னது. அவ்விடத்திலே ஒரு பிரசங்கத்தைத் தொடங்காது உண்மையைச் சொன்ன அவரை நாம் மெச்சுகின்றோம். சிறையிலிருப்பவன்மீது இரக்கம் கொள்பவர்கள் சிலர், அவனாற் கெட்டவரை மறந்துவிடுகின்றனர். கெட்டவர் பக்கம் நிற்பவர்கள் சிலர், சிறையிலிருப்பவன் ஒருநாள் வெளியே வந்து நம் வீதியிலேயே நடப்பான் என்பதை மறந்துவிடுகின்றனர். மிகப் பெரும்பாலோர் வெளியே வரவே போகின்றனர். இரண்டையும் ஒருங்கே மனத்திற் பிடித்திருத்தல் வளர்ந்தோர்க்கே அரிது. பன்னிரண்டு வயதிலே ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, அன்றைய பொதியையும் கட்டி முடித்தது என்றால், அவள் பாடசாலையிலே பெறும் புள்ளிகளைப் பற்றி அவள் தந்தை அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

நம்மவர்க்கு இங்கே ஒன்று சொல்ல விழைகின்றோம். கைதிக்குப் புத்தகம் என்றவுடன் நம்முள்ளே எழும் முதல் எண்ணம், நல்லுபதேச நூல்களை அனுப்புவோம் என்பதே. பரிசளிப்பு விழாக்களிலே நாம் மாணவர்களுக்குக் கொடுக்கும் நூல்கள் இவ்வெண்ணத்தின் பிள்ளைகள்தாம். அவற்றுள் எத்தனை பிரிக்கப்படாமலே அலுமாரியிலிருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிவர். அந்தச் சங்கத்தின் மேசையிலே இவ்வெண்ணத்துக்கு இடமில்லை. குதிரை வீரர் கதை கேட்டவனுக்குக் குதிரை வீரர் கதைதான். அவனைத் திருத்தும் நூலொன்றை இடையிலே செருகினால், அவன் கேட்ட மூன்றில் ஒன்று குறைகின்றது. பொதியின் நிறை அவ்வளவே. கேட்டதைக் கொடுத்தல் எளிது போலத் தோன்றும். பிள்ளைகளை வளர்ப்போர்க்கு அது எத்துணை அரிது என்று தெரியும்.

இதற்கு இலக்கணமான ஒரு வரலாறு தென்னாபிரிக்காவிலே உண்டு. டேர்பன் நகரத்து இந்தியரான சொனி வெங்கடரத்தினம் என்பவர், 1970களிலே ரொபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா முதலியோருடன் அரசியற் கைதியாக இருந்தவர். அவர் கேட்ட புத்தகம் சேக்ஸ்பியரின் முழுத் தொகுதி; மனைவியார் அதை அனுப்பிவைத்தார். அதனைக் காவலர் பறித்து வைத்தபொழுது, அது தம்முடைய வேதநூல் என்று சொல்லி மீட்டுக்கொண்டார். வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் தெய்வப் படங்களை வெட்டி மட்டையிலே ஒட்டினார். அதன்பின் காவலர் அதைத் தொடவில்லை. இலக்குமியும் ஏனைத் தெய்வங்களும் காவலிருக்க, உள்ளே இருந்தவர் சேக்ஸ்பியர். அப்புத்தகம் கைமாறிக் கைமாறிச் சென்று, முப்பதுக்கு மேற்பட்ட கைதிகள் தமக்குப் பிடித்த வரிகளின் அருகே ஒப்பமிட்டனர். மண்டேலா 1977 திசெம்பர் 16 ஆம் திகதி ஒப்பமிட்டது, யூலியஸ் சீசர் நாடகத்திலே மரண பயத்தைப் பற்றிச் சீசர் பேசும் பகுதியில். 2012 இலே இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் அப்புத்தகம் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டது. சிறை அதிகாரிகள் தாமாகவே உபதேச நூல் கொடுத்திருந்தால் இது நிகழ்ந்திராது.

தடைகளைப் பற்றியும் சுருங்கச் சொல்வோம். நியூயோர்க் மாநிலத்திலே, குறித்த சில வணிகரிடமிருந்து மட்டுமே பொருள் வரலாம் என்ற ஏற்பாடு 2018 சனவரியிலே கண்டனத்தின்பின் நிறுத்தப்பட்டது. வாஷிங்ரன் மாநிலத்தார் 2019 இலே நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களை விலக்கினர். மக்கள் எழுப்பிய எதிர்ப்பினால் சில வாரங்களிலே அதைத் தளர்த்தினர். பிரித்தானியாவிலும், 2013 இறுதியிலே கைதிகளுக்கு வெளியிலிருந்து பொதி வருவதை மட்டுப்படுத்திய விதி புத்தகத்தையும் தடுத்தது, எழுத்தாளர்கள் திரண்டனர், 2014 திசெம்பரில் நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரண் என்றது, 2015 இலே விதி மாறியது. இவற்றைவிடச் சாதாரணமான தடை, ஒருநாள் காலையிலே கதவடியில் வந்து கிடக்கும் திருப்பியனுப்பப்பட்ட பொதிதான். நம் மாணவரின் மகள் கட்டிய முதற் பொதிகளில் ஒன்று அவ்வாறு திரும்பியது. காரணம் எழுதும் இடம் வெறுமையாய் இருந்தது. அவள் அழவில்லை, கோபித்தாள் என்று தந்தை எழுதுகின்றார். மறுபடி கட்டினார்கள்.

பெற்றோரும் பிள்ளையும் என்ற தலைப்பிலே இன்னொரு பக்கமும் உண்டு. சிறையிலிருப்போரிற் பலர் தாமே தாய்தந்தையர். இங்கிலாந்திலே டார்ட்மூர்ச் சிறையில் 2003 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஒரு முயற்சியைக் கேளுங்கள். தந்தை தன் பிள்ளைக்கு உறங்குநேரக் கதையொன்றை வாசித்து ஒலிப்பதிவு செய்கின்றான். பயிற்சி பெற்ற சக கைதிகளே அதைத் திருத்தி, பறவையொலியும் இசையும் சேர்த்து முடிக்கின்றனர். அது வீட்டுக்குப் போகின்றது. வாசிக்கத் தெரியாத தந்தைக்கு ஒருவர் வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, அவன் திருப்பிச் சொல்ல, இடையிலுள்ள குரல் நீக்கப்படுகின்றது. பிள்ளைக்குக் கேட்பது தந்தை தடையின்றி வாசிப்பதே. நேரு 1930 முதல் 1933 வரை மகள் இந்திராவுக்குச் சிறையிலிருந்து உலக சரித்திரத்தைக் கடிதங்களாக எழுதினார் என்பது நாம் வகுப்பிலே சொல்லும் செய்தி. நேருவிடம் சொல்லப் பெருஞ் செல்வம் இருந்தது. டார்ட்மூரிலே கதையை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

தமிழகத்திலே 2023 சனவரியில் நடந்த சென்னைப் புத்தகக் கண்காட்சியிற் சிறைத்துறையினரே ஒரு கூடம் அமைத்து, ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரிலே சிறைவாசிகளுக்குப் புத்தகம் சேர்த்தனர். பாராட்டத்தக்கது. அங்கே மக்கள் தம்மிடம் உள்ளதை, அல்லது தாம் நல்லதென நினைத்து வாங்கியதைக் கொடுத்தனர். குயின்சியிலே கேட்டதைத் தேடுகின்றனர். இரண்டாவது மெல்லச் செல்லும் வேலை. நம் நாட்டிலே இதைச் செய்ய நினைக்கும் குடும்பத்தார், பழம் புத்தகங்களை மூட்டையாகக் கட்டுமுன், சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடம் எவை ஏற்கப்படும், எந்த மொழியில், எத்தகைய நூல்களை உள்ளிருப்போர் கேட்கின்றனர் என்று விசாரித்துக்கொள்ளுதல் நலம். பயன்படுத்தித் தள்ளிய பரீட்சைக் குறிப்புகளை அங்கே தள்ளிவிடுதல் தொண்டாகாது.

அம்மையார் இன்னும் உடன்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கடைச் சாமான் வரும் கடதாசிப் பைகளை அவர் இப்பொழுது எறிவதில்லையாம். மடித்துத் தட்டையாக்கி, மகனுடைய வாகனத்தின் பின்னிருக்கையிலே வைத்துவிடுகின்றார். கேட்டால், வீட்டிலே குப்பை சேரக்கூடாது என்கின்றார்.

புத்தகம் கிடைத்தவர்கள் சிலர் மறுகடிதம் எழுதுவதுண்டு. நன்றி ஒரு வரி. எஞ்சியது எல்லாம் அடுத்த வேண்டுகோள். தொடர்கதையின் முதற் பாகத்தை அனுப்பினோமானால் இரண்டாம் பாகம் உண்டா என்று நிச்சயம் கேட்பார்கள். நன்கொடையாக வந்த பழம் புத்தகங்களுள்ளே அதே கதையின் இரண்டாம் பாகத்தைக் கண்டெடுப்பது இலேசன்று. சென்ற மாதம் ஒருவர் கேட்ட பாகத்துக்காக மகள் இரண்டு மாலைகள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் பாகம் மட்டும் இருக்கின்றது. அதை அனுப்பலாமா, இரண்டாவது வரும்வரை பொறுத்திருக்கலாமா என்று தந்தையும் மகளும் இன்னும் முடிவு செய்யவில்லை.